சார்ட்டில் ஐந்து டிகிரி

மார்ச் 10, திங்கள்

இன்று உத்தரவு வந்தது. இரண்டு பக்கம். 'தாயின் நிலையை மருத்துவ அலுவலருக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கத் தவறிய செவிலியர் தங்கபுஷ்பம்' என்று என் பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது. இருபத்தொரு வருட சர்வீஸில் என் பணிப்பதிவேட்டில் ஏறும் முதல் தண்டனை. பதவி உயர்வு என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட எங்கள் மருத்துவ அலுவலர் டாக்டர் மகுடபதியே தன் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

"தேதியும் போட்டுருங்க சிஸ்டர்" என்றார். போட்டேன்.

நடந்தது இதுதான். நாளாக ஆக எனக்கே மங்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். ஜனவரி 22, காலை பத்தேகால். ராமலட்சுமிக்கு இரண்டாவது பிரசவம். பனிக்குடம் உடைந்து தண்ணீர் பச்சையாக வந்தது. குழந்தையின் இதயத்துடிப்பு நூறுக்குக் கீழே இறங்கி இறங்கி ஏறியது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். படிக்கிற காலத்திலேயே தெரிந்துவிடுகிற விஷயம். ஆனால் எங்கள் நடுவக்குளம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் பொறுப்பேற்ற நாளிலிருந்து ஒரு சட்டம். அவர் அனுமதி இல்லாமல் ஒரு கேஸையும் வெளியே அனுப்பக் கூடாது. அனுப்பும் எண்ணிக்கை கூடினால் மாதாந்திரக் கூட்டத்தில் அவரைக் கேள்வி கேட்பார்களாம்.

பத்து இருபதுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. பத்து முப்பத்தைந்துக்கு எடுத்தார். "பயந்துட்டு எல்லாத்தையும் தள்ளிவிடாதீங்க. நான் வந்து பாக்கறேன்" என்றார். வந்தபோது மணி பதினொன்று ஐம்பது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் கதவைத் திறந்தபோது குழந்தை பிறந்திருந்தது. அழவில்லை. பெண் குழந்தை.

விசாரணையில், தனக்குத் தகவல் வந்ததே பதினொன்று இருபதுக்குத்தான் என்று எழுதிக் கொடுத்தார். வார்டுக்குள் செல்போன் கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். அதனால் ஆபீஸ் போனில்தான் பேசியிருந்தேன். அதில் எந்தத் தடயமும் இருக்காது. நான் பேசும்போது பக்கத்தில் நின்ற பணியாளர் மாடத்தியைக் கேட்டார்கள். "எனக்கு மணி பாக்கத் தெரியாதுய்யா" என்று சொல்லிவிட்டாள். கையில் வாட்ச் கட்டிக்கொண்டே சொன்னாள்.

மாடத்தி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் தற்காலிகப் பணியாளர். கோபம் ஒரே ஒருவர் மேல்தான். அவரை விடமாட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

மாவு புளித்துவிட்டது. மதியம் வரை ஒன்றும் சாப்பிடவில்லை. அவர் கார் எட்டு ஐம்பத்தைந்துக்கு உள்ளே வந்தது, என்றும் போல.

மார்ச் 17, திங்கள்

பழி வாங்க வேண்டுமென்றால் எதிராளியைச் சரியாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதனால் நியாயமாகவே எழுதுகிறேன்.

அவர் லஞ்சம் வாங்குவதில்லை. தனியாக கிளினிக் வைத்துக்கொள்ளவில்லை. லீவு எடுப்பதில்லை. ஒழுகிக்கொண்டிருந்த கூரையைச் சரி செய்தார், கழிப்பறைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார், சுவர் முழுக்க வெள்ளை அடித்தார். ஊர்க்காரர்களுக்கு அவரைப் பிடிக்கும். அவருக்கு முன்னால் இருந்த டாக்டர் ஜூலியட் பத்தரை மணிக்குத்தான் வருவார். அவர் காலத்தில் சுவரில் சுண்ணாம்பு உரிந்து நோயாளிகள் தலையில் விழும்.

ஆனால் ஏதாவது தப்பு நடந்துவிட்டது என்று போய்ச் சொன்னால், ஜூலியட் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "பேஷண்டுக்கு என்னாச்சு?" இவர் கேட்கிற முதல் கேள்வி, "யாரு?"

யாரு என்று தெரிந்ததும் அவர்களைப் புறநோயாளிகள் வரிசைக்கு முன்னால் நிற்க வைத்துப் பேசுவார். சத்தம் போடமாட்டார். மரியாதையாக, 'ங்க' போட்டு, எல்லோர் காதிலும் விழும்படி நிதானமாகப் பேசுவார். நானும் ஒருநாள் பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். வரிசையில் என் மகன் படித்த பள்ளிக்கூடத்து டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

அதனால் இப்போது யாரும் எதையும் சொல்வதில்லை. உடைந்த பிரஷர் கருவி துணியில் சுற்றி பீரோவுக்குள் கிடக்கிறது. போன மாதம் ஒரு கிழவருக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்துவிட்டோம். ஒப்பந்த நர்ஸ் ஷகிலா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டியில் அவர் வீடு வரை போய், சிரித்துப் பேசி, மாத்திரையை மாற்றிக்கொண்டு வந்தாள். எந்தப் பதிவும் இல்லை. வாசல் போர்டில் 'இம்மாதக் குறைபாடுகள்: 0' என்று எழுதியிருக்கிறது. மூன்று மாதமாகப் பூஜ்யம்தான்.

மார்ச் 26, புதன்

பிரசவ அறையில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் உண்டு. குழந்தை பிறந்ததும் தாய்க்கு ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ஆக்ஸிடோசின் மருந்து அதில்தான் இருக்கும். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டும். கதவில் ஒரு சார்ட் தொங்கும். தினமும் டிகிரியை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு வாரமாக அது கடகடவென்று சத்தம் போடுகிறது. இன்று அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன். மெக்கானிக்கை அனுப்பச் சொல்லி ஒரு கடிதமும் எழுதிக் கொண்டுபோனேன்.

"கடைசியா அதைத் துடைச்சது யாருங்க?" என்றார்.

"துடைச்சதுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்ல சார். மிஷின் பழசாயிட்டு."

"யாருன்னு கேட்டனுங்க."

மாடத்தி என்று சொல்ல வேண்டியதாயிற்று. மாடத்திக்கு மெமோ. தரச்சான்றுக் குழு வரப்போகிற நேரத்தில் 'பழுதான கருவி' என்று ஒரு கடிதம் வெளியே போனால் மதிப்பெண் குறையும் என்று சொல்லி, என் கடிதத்தை மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

மாடத்தி வெளியே வந்து என்னைப் பார்த்தாள். "நீங்கதான் என் பேரச் சொன்னீயளா சிஸ்டரம்மா?" என்றாள். நான் வார்டுக்குள் போய்விட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

ஷகிலா இன்று ஒரு தாயின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தொலைத்துவிட்டாள். வார்டில் ஆறு பேர் படுத்திருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் கேட்டேன். கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்டுவிட்டேன். முப்பத்துநாலு வயசுக்காரி, இரண்டு பிள்ளை பெற்றவள், புருஷன் விட்டுப் போனவள். கண் கலங்கி நின்றாள். வேலை என்றால் அப்படித்தான்.

சாயங்காலம் சீட்டு கிடைத்தது. என் பதிவேட்டுக்குள்ளேயே இருந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

தரச்சான்றுக் குழு மே 8, 9 தேதிகளில் வருகிறது. சென்னையிலிருந்து மூன்று பேர். சான்று கிடைத்தால் அவருக்கு மாவட்ட அளவில் பெரிய பதவி என்று பேச்சு. கூட்டத்தில் எங்களை நிற்க வைத்தே ஒன்றரை மணி நேரம் பேசினார். எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தாள் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே ஒரு ஓட்டை போதும். அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். அவர் முகத்துக்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏப்ரல் 28, திங்கள்

ஃப்ரிட்ஜின் சத்தம் நின்றுவிட்டது. உள்ளே விளக்கு எரிகிறது, குளிர் இல்லை. பதினேழு டிகிரி.

செல்போனை இடுப்பில் சொருகிக்கொண்டு போய் தெர்மாமீட்டரைப் படம் எடுத்தேன். படத்தில் தேதியும் நேரமும் விழுகிறது.

இன்றிலிருந்து சார்ட்டை ஷகிலா போடட்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வேலை அதிகம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இருபத்தொன்று. படம் எடுத்தேன்.

ஷகிலா சார்ட்டோடு வந்தாள். "யக்கா, இருபத்தொண்ணு காட்டுது. என்ன எழுதட்டும்?"

"நேத்து என்ன எழுதின?"

"அஞ்சு. முந்தி நீங்க எழுதினதப் பாத்து..."

"பெறவு எங்கிட்ட என்னத்தக் கேக்க?"

அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். பிறகு எழுதினாள். நான் ஐந்து என்று சொல்லவில்லை.

மே 1, வியாழன்

என் வீட்டுக்காரருக்கு பஸ் டிப்போவில் மே தினக் கொடியேற்றம். பிரசவ வார்டுக்கு எந்தத் தினமும் கிடையாது. இருபத்துநாலு. படம். நல்லவேளை, இந்த வாரம் பிரசவம் எதுவும் இல்லை. குழு வர இன்னும் ஏழு நாள்.

மே 3, சனி

இருபத்தாறு. வெளியே நாற்பது. அவர் இன்று பிரசவ அறைக்கு வந்து ஜன்னல் திரைகளின் நிறம் சரியில்லை என்றார். ஃப்ரிட்ஜில் கையை ஊன்றிக்கொண்டு நின்றுதான் சொன்னார். திறந்து பார்க்கவில்லை. கதவில் தொங்கிய சார்ட்டைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். எல்லாம் ஐந்து.

வீட்டுக்கு வந்து பணியாரம் சுட்டேன். வீட்டுக்காரர் ஆச்சரியமாகப் பார்த்தார். "ரொம்ப நாளைக்குப் பெறவு பாட்டுப் பாடுத?" என்றார்.

மே 6, செவ்வாய்

முத்துச்செல்வி. இருபத்துமூன்று வயது. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள். முதல் பிரசவம். மத்தியானம் ஒன்றே காலுக்கு ஆண் குழந்தை, மூன்று கிலோ, நல்ல அழுகை. ஊசி போட்டேன். நஞ்சுக்கொடியும் முழுதாக வந்தது. ஆனால் கர்ப்பப்பை இறுகவில்லை. மாவு போலக் கிடந்தது. ரத்தம் நிற்காமல் வந்தது.

"ஷகிலா, மருந்தகத்து ஃப்ரிட்ஜிலேருந்து புது ஆக்ஸிடோசின் எடுத்துட்டு வா" என்றேன்.

"இங்கயே இருக்கேக்கா?"

"போன்னா போ!"

அவள் ஓடினாள். நான் மாத்திரை வைத்தேன், டிரிப் ஏற்றினேன், ஒரு கையை உள்ளேயும் ஒரு கையை வயிற்றின் மேலும் வைத்து அழுத்திப் பிடித்தேன். மாடத்தியிடம், "நூத்தெட்டுக்குப் போனப் போடு" என்றேன்.

"டாக்டர்ட்ட கேக்காண்டாமா?"

"போடு!"

அவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். கேட்கவில்லை. ஆம்புலன்ஸில் நாற்பது நிமிடம். என் கையை எடுக்கவில்லை. முத்துச்செல்வி என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "யக்கா, புள்ள எங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

உயிர் பிழைத்துவிட்டாள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று.

மே 7, புதன்

முத்துச்செல்வியைச் சேர்த்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம், "சில பேருக்கு மருந்து போட்டாலும் கர்ப்பப்பை இறுகாதும்மா. காரணம் இதுதான்னு உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். ஊசி மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். ஃப்ரிட்ஜில் என்றேன்.

உறுதியாகச் சொல்ல முடியாது. இன்று முழுக்க அந்த வாக்கியத்தையே பிடித்துக்கொண்டு இருந்தேன்.

மே 8, வியாழன்

குழு வந்தது. பிரசவ அறைக்குள் நுழைந்தார்கள். ஒரு அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்தார். நான் டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஃபோர் டிகிரி. வெரி குட்" என்றார்.

அது வேறு ஃப்ரிட்ஜ், அதே அளவு, அதே வெள்ளை; நேற்று முழுக்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இருந்ததால் நான் கவனிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அவர் வந்து பழையதைத் திறந்து பார்த்திருக்கிறார். அதைத் தூக்கி ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டிவிட்டு, அவர் குவார்ட்டர்ஸில் இருந்த சொந்த ஃப்ரிட்ஜைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அதன் மேல் பழைய சார்ட். எல்லாம் ஐந்து.

குழு கைதட்டியது. நானும் தட்டினேன். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருக்க முடியவில்லை.

மே 10, சனி

ஷகிலாவுக்கு வேலைநீக்க நோட்டீஸ். குளிர்நிலையைப் பொய்யாகப் பதிவு செய்து தாயின் உயிருக்கு ஆபத்து விளைவித்தாள் என்று. ஒப்பந்த நர்ஸ் என்பதால் விசாரணை கூடத் தேவையில்லை. ஏழு நாளில் விளக்கம், அவ்வளவுதான். கர்ப்பப்பை போன கேஸுக்கு மேலிடத்தில் கணக்கு கேட்பார்கள். அதற்கு இப்போதே ஒரு பெயரைத் தயாராக வைத்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வந்து உட்கார மாட்டேன் என்றாள்.

"யக்கா, நான் உங்ககிட்ட கேட்டேன்லா? இருபத்தொண்ணு காட்டுதுன்னு கேட்டேன்லா?"

"கேட்ட."

"அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். சீனியர்ட்ட கேட்டான்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு வேல போனா எங்க அம்மா வீட்டுல கூடச் சேக்க மாட்டாவ."

யோசித்துச் சொல்லுகிறேன் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஜனவரியில் நான் மாடத்தியை அப்படித்தான் பார்த்திருப்பேன்.

மே 12, திங்கள்

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். எழுதாமல் விட்டவற்றை இன்று எழுதிவிடுகிறேன்.

எனக்கு வேலை அதிகம் என்பதால் சார்ட்டை ஷகிலாவிடம் கொடுக்கவில்லை. குழு கண்டுபிடிக்கும்போது அதில் என் கையெழுத்து இருக்கக் கூடாது என்றுதான் கொடுத்தேன்.

மருந்தகத்தில் நல்ல ஃப்ரிட்ஜ் உண்டு. பிரசவ அறையிலிருந்து முப்பது தப்படி தூரம். ஒன்பது நாளில் எந்த நாளிலும் அந்த மருந்துப் பெட்டியை அங்கே மாற்றி வைத்திருக்கலாம். மாற்றினால் குழு பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை அந்த மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தபோது வெதுவெதுவென்று இருந்தது. ஒரு கணம் நின்றேன். பிறகு உடைத்து ஊசியில் ஏற்றினேன்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த போட்டோவ எல்லாம் அழிச்சிரு புஷ்பம்" என்றார். "ஒருத்தருக்கும் தெரியாது."

மே 13, செவ்வாய்

டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஷகிலாவுக்கு எதிராக நான் ஒரு வாக்குமூலம் எழுதித் தர வேண்டுமாம். வார்டு பொறுப்பு நர்ஸ் என்ற முறையில். தட்டச்சு செய்தே வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டால் ஜனவரி கேஸுக்கு எனக்கு வந்த தண்டனையை மறுபரிசீலனை செய்யச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். பேனாவை நீட்டினார்.

நான் செல்போனை எடுத்து மேஜையில் வைத்தேன். ஒன்பது படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். பதினேழில் ஆரம்பித்து இருபத்தேழு வரை. பிறகு, "மார்ச் மாசம் நான் குடுத்த லெட்டர் அந்த டிராயர்லதான் இருக்கும் சார். அதுக்கு நகல் எங்கிட்ட இருக்கு" என்றேன்.

அவர் முகத்தில் முதலில் புரியாமை. பிறகு கணக்குப் போடுவது தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதை வெளிய குடுத்தீங்கன்னா முதல்ல வேலை போறது உங்களுக்குத்தானுங்க சிஸ்டர். ஒம்போது நாள் தெரிஞ்சே வெச்சிருந்திருக்கீங்க."

"தெரியும் சார்."

"அப்பறம் எதுக்குங்க?"

"ரெண்டாவது நீங்க போவீங்கல்லா."

இரண்டு மாதமாக இந்த நிமிடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கை பேனாவை மூட முயன்றது. மூடி சரியாக உட்காரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இனித்தது. பொய் சொல்லவில்லை, அப்படி இனித்தது.

மே 14, புதன்

லீவு போட்டுவிட்டு மாவட்டத் துணை இயக்குநர் ஆபீஸுக்குப் போனேன். நாலு பக்கம் கையால் எழுதிக்கொண்டு போனேன். முதல் பக்கம் முழுக்க நான் செய்தது. அவர் பெயர் இரண்டாவது பக்கத்தில்தான் வருகிறது. யோசித்துத்தான் அப்படி எழுதினேன். மற்றவர் மேல் மட்டும் குற்றம் சொல்கிற நர்ஸை யாரும் நம்பமாட்டார்கள். என் கழுத்தை நானே நீட்டினால் மீதியையும் நம்பித்தான் ஆக வேண்டும்.

அந்த மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். "இத்தனை வருஷம் வேலை பாத்த ஒரு நர்ஸ் இப்படிச் செய்யலாமாம்மா? ஏன் அப்பவே சொல்லல?"

"ஒரு தடவ சொன்னேன் மேடம். சொன்னதுக்கு ஒரு பணியாளருக்கு மெமோ வந்துது. அங்க சொல்லுதவங்களுக்கு என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அதுனால எல்லாரும் அஞ்சுதான் எழுதுவோம்."

"அது அவர் தப்பு. ஒம்பது நாள்?"

"அது என் தப்பு மேடம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். ஷகிலாவுக்காகப் போனேனா, அவரை ஒழிக்கப் போனேனா? இரண்டுக்கும்தான். எது முதலில் என்று கேட்டால் எழுதத் தெரியவில்லை.

மே 21, புதன்

துணை இயக்குநர் நேரில் வந்தார். டாக்டரை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஸ்டோர் ரூமைத் திறக்கச் சொன்னார். பழைய ஃப்ரிட்ஜ் அங்கேதான் இருந்தது.

கடைசியாக மாடத்தி போனாள். கதவு சாத்தவில்லை. அவள் குரல் வராண்டா வரை கேட்டது.

"ஜனவரி மாசம் சிஸ்டரம்மா போன்ல பேசும்போது மணி பத்து முப்பத்தஞ்சு. நான் பக்கத்துலதான் நின்னேன். அன்னைக்குப் பயந்து பொய் சொல்லிட்டேன். எனக்கு நல்லா மணி பாக்கத் தெரியும்மா."

அவளுக்குப் பிறகு மருந்தாளுநர் தானாகவே மறுபடியும் உள்ளே போனார். அப்புறம் லேப் டெக்னீஷியன். உடைந்த பிரஷர் கருவியைத் துணியோடு தூக்கிக்கொண்டு ஒருவர் போனார். சாயங்காலம் வரை போய்க்கொண்டே இருந்தார்கள். அவர் வராண்டா பெஞ்சில், நோயாளிகள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 12, வியாழன்

உத்தரவுகள் ஒரே உறையில் வந்தன. டாக்டர் மகுடபதிக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதலும் ஜனவரி, மே இரண்டு சம்பவங்களுக்கும் சேர்த்துக் குற்றச்சாட்டும். தரச்சான்று நிறுத்தி வைப்பு. ஷகிலாவின் நோட்டீஸ் ரத்து. எனக்குத் தற்காலிகப் பணிநீக்கம்; விசாரணை முடியும்வரை.

நானும் டாக்டரும் ஒரே நாளில் பொறுப்பை ஒப்படைத்தோம். அவர் தன் பெட்டியைத் தானே தூக்கிக் காருக்குள் வைத்தார். ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. நான் வாசலில் நின்றேன், பார்க்க வேண்டும் என்றே நின்றேன். காரில் ஏறப் போனவர் திரும்பி வந்தார்.

"ஒண்ணு மட்டும் கேக்கணுங்க. என்னைப் பிடிக்காது, சரி. ஃப்ரிட்ஜ் கெட்டுப்போகுதுன்னு முன்னாலயே ஒரே ஒரு தடவை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன் சார். மார்ச் இருபத்தாறு. அந்த லெட்டர்."

அவர் யோசித்தார். அந்த லெட்டர் என் பெயரோடு இழுப்பறையிலிருந்து எடுக்கப்பட்டதை அவரே பார்த்திருக்கிறார். ஆனால் நான் முன்னால் நின்று சொன்னது அவருக்கு ஞாபகம் இல்லை. நடிக்கவில்லை. உண்மையிலேயே இல்லை. எங்களில் யார் குரலும் அவர் காதில் விழுந்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கார் போனது. அவருக்குக் கெட்டது நடக்கட்டும் என்று இத்தனை நாள் நான் வேண்டியது நடந்துவிட்டது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் படுத்தேன். பசிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஷகிலா பிரியாணி கொடுத்தனுப்பியிருந்தாள். அவள் வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

முத்துச்செல்வி வீட்டுக்குப் போனேன். போக வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். விசாரணைக்காகப் பிடித்த வக்கீலும் சொன்னார்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். "உக்காருங்க சிஸ்டர். எம்மா, சிஸ்டர் வந்திருக்காவ, கலர் சோடா வாங்கிட்டு வா" என்று உள்ளே குரல் கொடுத்தாள். "எங்கம்மா தெனமும் சொல்லுவாவ, அந்த சிஸ்டர் கைய எடுத்திருந்தா நீ இருக்க மாட்டன்னு."

அவள் அம்மா கடைக்குப் போவதற்காகக் காத்திருந்தேன். பிறகு சொன்னேன். சுற்றி வளைக்காமல், ஃப்ரிட்ஜ், சார்ட், படங்கள், குழு வரும்வரை நான் காத்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து கெட்டதால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதையும் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். முடித்த பிறகும் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எத்தன நாளு தெரியும் உங்களுக்கு?"

"ஒம்பது நாள்."

"நான் வலியில வந்து படுக்கும்போதும் தெரியும்."

"தெரியும்மா."

"நான் அந்த ஆள முழுசா ஒரு தடவ கூடப் பாத்ததில்ல" என்றாள். குரல் உயரவில்லை. "உங்களுக்கு அந்த ஆளு மேல கோவம்னா, அதுக்கு என் வயித்தயா குடுத்தீய?"

காலில் விழலாமா என்று தோன்றியது. அதுவும் எனக்காகத்தான் இருக்கும் என்று தோன்றி, விழவில்லை.

குழந்தை சிணுங்கியது. பழக்கத்தில் கை நீண்டுவிட்டது.

"தொடாதீங்க."

கையை மடக்கிக்கொண்டேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்து ஸ்டூலில் இருந்த கணக்கு நோட்டை எடுத்து ஒரு தாளைக் கிழித்தாள். பேனாவைத் திறந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை, கண்ணில் துடைக்க ஒன்றும் இல்லை. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும்.

"உங்க பேர முழுசாச் சொல்லுங்க."

"சா. தங்கபுஷ்பம். செவிலியர்."

"அந்த டாக்டரு பேரு?"

சொன்னேன். எழுதினாள். கணக்கு எழுதுகிறவளின் குண்டு குண்டான, தெளிவான கையெழுத்து. என் பெயரை முதலில் எழுதியிருந்தாள், அவர் பெயரைக் கீழே.

"இத யாருக்கு அனுப்பணும்?"

பதவியையும் ஆபீஸையும் சொன்னேன். தெருவைச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பின்கோடு?"

அதையும் சொன்னேன்.